செல்வெளித் துகள் தரவைப் பகிர்வதும் தரப்படுத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகத் தரவைப் பொதுக் களஞ்சியங்களில் சேர்க்க மாணவர்களுக்கு உதவுவது என் வேலை. எக்சோசோம், வெசிக்கிள் என்று உழைப்பவர்களிடமிருந்து வரும் சந்தேகங்கள் ஆய்வகம் மாறினாலும் மாறுவதில்லை. கட்டுரை அனுப்பும் நேரத்தில் அவசரமாகக் கேட்பதைவிடச் சோதனை தொடங்கும் முன்பே படித்துவைத்தால் நல்லது என்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

அக்கா, செல்வெளித் துகள்னா எக்சோசோம்தானே?

எக்சோசோம் அதில் ஒரு வகை மட்டும்தான். கிட்டத்தட்ட எல்லாச் செல்களும் நானோமீட்டர் அளவில் துகள்களை வெளியே விடுகின்றன. அவற்றில் கொழுப்பு இரட்டைப்படலம் சூழ்ந்தவை, தாமாகப் பெருக முடியாதவை செல்வெளி வெசிக்கிள்கள். செல்லுக்குள் எண்டோசோம் என்ற பை போன்ற உறுப்பில் உருவாகி வெளிவந்தால் அது எக்சோசோம். செல்லின் வெளிச்சவ்வே மொட்டுவிட்டுப் பிரிந்தால் அது எக்டோசோம். படலமே இல்லாத துகள்களும் உண்டு: லிப்போபுரோட்டீன்கள் (ரத்தத்தில் கொழுப்பைச் சுமப்பவை), புரதத் திரள்கள், 2018-இல் விவரிக்கப்பட்ட எக்சோமியர், 2021-இல் விவரிக்கப்பட்ட சூப்பர்மியர். இவை அத்தனைக்கும் பொதுப்பெயர்தான் செல்வெளித் துகள்.

1967-இல் பீட்டர் வுல்ஃப் ரத்தத் தட்டணுக்களிலிருந்து உதிரும் 'தூசு' என்று இவற்றை விவரித்தார். 1983-இல் மாண்ட்ரியலில் ரோஸ் ஜான்ஸ்டன் குழுவும் செயின்ட் லூயிஸில் பிலிப் ஸ்டால் குழுவும், முதிராத சிவப்பணுக்கள் தமக்கு வேண்டாத டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியை (இரும்பை உள்ளே எடுக்கும் புரதம்) இப்படித்தான் வெளியேற்றுகின்றன என்று காட்டின. 2007-இல் ஸ்வீடனின் கோதன்பர்க் குழு இவற்றுக்குள் ஆர்என்ஏ இருப்பதைக் காட்டியது. அதன் பிறகு கட்டுரைகள் வெள்ளமாக வந்தன. தரவுச் சிக்கலும் கூடவே வந்தது.

எக்சோசோம்னு எழுதினா என்ன தப்பு? எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க?

நீங்கள் பிரித்தெடுத்தது எண்டோசோமில் உருவானது என்று நிரூபித்திருந்தால் எழுதலாம். பெரும்பாலோர் நிரூபிப்பதில்லை. 100 நானோமீட்டரில் எக்சோசோமும் இருக்கும், எக்டோசோமும் இருக்கும், சில லிப்போபுரோட்டீன்களும் இருக்கும். எங்கே பிறந்தது என்பதை அளவு சொல்லாது. அதனால் 'செல்வெளி வெசிக்கிள்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, 200 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் 'சிறிய வெசிக்கிள்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த 200-ஐ எந்தக் கருவியில் அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

கட்டுரையில் பெயர் தவறினால் படிப்பவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார். தரவுத்தளத்தில் பெயர் தவறினால் தேடுகிறவருக்கு உங்கள் தரவு கிடைக்காது, அல்லது சம்பந்தமில்லாதவருக்குக் கிடைக்கும். அதனால்தான் இதில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன்.

தரப்படுத்தல்னா எல்லாரும் ஒரே கிட், ஒரே முறைக்கு மாறணுமா?

இல்லை. இந்தத் துறையில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். சிறுநீருக்குச் சரிவரும் முறை ரத்தத்துக்குச் சரிவராது. சிறுநீரில் யூரோமோடுலின் என்ற புரதம் நூல் நூலாகத் திரண்டு வெசிக்கிள்களைச் சிக்கவைக்கும், ரத்தத்தில் லிப்போபுரோட்டீன்தான் பெரிய தொல்லை. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகக் குழு 2010 முதல் 2015 வரை வெளிவந்த 1,226 கட்டுரைகளை அலசி 2017-இல் வெளியிட்டது. பிரித்தெடுக்கும் முறைகளே 190 வகை இருந்தன. அத்தனையையும் ஒன்றாக்க முடியாது, ஆக்கவும் கூடாது.

தரப்படுத்தல் என்றால், எந்த முறையில் செய்தாலும் சொல்ல வேண்டியதை ஒரே சொற்களில், ஒரே அலகுகளில், விடாமல் சொல்வது. உங்கள் முறை உங்களுடையதாகவே இருக்கட்டும். அதை இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்ய முடிகிற அளவுக்கு எழுதியிருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி.

மைசெவ், மைசெவ்னு சொல்றாங்களே, அது என்ன சட்டமா?

செல்வெளி வெசிக்கிள்களுக்கான சர்வதேசச் சங்கம் 2011-இல் தொடங்கியது. வெசிக்கிள் ஆய்வில் குறைந்தபட்சம் என்னென்ன காட்ட வேண்டும் என்று அது வெளியிடும் வழிகாட்டிதான் மைசெவ். முதல் பதிப்பு 2014, அடுத்தது 2018. மைசெவ் 2023 என்ற பெயரில் வழங்கும் பதிப்பு 2024 பிப்ரவரியில் அச்சானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் அதற்குக் கருத்துத் தந்திருக்கிறார்கள்.

சட்டம் இல்லை. ஆனால் இதழாசிரியரும் மதிப்பாய்வாளரும் அதை மேசையில் வைத்துக்கொண்டுதான் உங்கள் கட்டுரையைப் படிக்கிறார்கள். எல்லா வரியையும் பின்பற்ற முடியாவிட்டால், எதை ஏன் செய்யவில்லை என்று எழுதுங்கள். அதை அந்த வழிகாட்டியே அனுமதிக்கிறது.

ஈவி-ட்ராக் எண் வாங்கச் சொல்றாங்க மேடம். என் ஸ்கோர் கம்மியா வருது, பேப்பரை ரிஜெக்ட் பண்ணிடுவாங்களா?

ஈவி-ட்ராக், மேலே சொன்ன கென்ட் குழு உருவாக்கிய தளம். சோதனை விவரங்களைப் படிவத்தில் நிரப்பினால் ஒரு எண் தரும்; அதைக் கட்டுரையில் குறிப்பிடலாம். கட்டுரை வெளியாகும்வரை விவரங்களை மறைத்து வைக்கலாம். கூடவே ஒன்பது அம்சங்களைப் பார்த்து ஒரு மதிப்பெண் தரும்: வெசிக்கிள் புரதங்கள் காட்டினீர்களா, இருக்கக்கூடாத புரதம் இல்லை என்று காட்டினீர்களா, எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் உண்டா, அடர்த்தி வேறுபாட்டில் பிரித்தீர்களா, சென்ட்ரிஃபியூஜ் விவரம் முழுமையா, ஆன்டிபாடி விவரம் உண்டா என்று போகும்.

குறைந்த மதிப்பெண் மட்டமான ஆய்வுக்கு அடையாளம் இல்லை. சிறுநீர் மாதிரிகளை நூற்றுக்கணக்கில் பார்ப்பவர் ஒவ்வொன்றுக்கும் அடர்த்திப் பிரிப்பு செய்ய முடியாது. மதிப்பெண்ணுக்காக ஒரு மாதிரிக்கு மட்டும் செய்துவிட்டு எல்லாவற்றுக்கும் செய்ததுபோல் நிரப்புவதைத்தான் கடுமையாக எதிர்க்கிறேன். அது பின்னால் வருபவரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும்.

'30,000 ஆர்பிஎம்-ல 70 நிமிஷம்'னு போட்டிருக்கேன். அது போதாதா?

போதாது. துகளைக் கீழே இழுப்பது ஆர்பிஎம் இல்லை, ஜி விசை. ஜி விசைக்குக் கணக்கு எளிது: 0.00001118-ஐச் சுழல் ஆரத்தால் பெருக்கி (சென்டிமீட்டரில்), ஆர்பிஎம்-இன் வர்க்கத்தால் பெருக்குங்கள். ஆரம் 10 சென்டிமீட்டர் உள்ள ரோட்டரில் 30,000 ஆர்பிஎம் என்றால் சுமார் 1,00,600 ஜி. ஆரம் 16 சென்டிமீட்டர் என்றால் அதே 30,000-க்குச் சுமார் 1,61,000 ஜி. உங்கள் ஒரே வரியைப் படித்து இரண்டு ஆய்வகங்கள் இரண்டு வேறு சோதனைகளைச் செய்யும்.

அதனால் ஜி விசை (அது சராசரி ஆரத்துக்கா, அதிகபட்ச ஆரத்துக்கா என்பதோடு), நேரம், வெப்பநிலை, ரோட்டர் பெயர், குழாய் வகை, எவ்வளவு கொள்ளளவு ஊற்றினீர்கள், பிரேக் போட்டீர்களா என எல்லாம் வேண்டும். ரோட்டரின் கே மதிப்பும் இருந்தால் இன்னும் நல்லது. வேறு ரோட்டரில் எத்தனை நிமிடம் ஓட்டினால் அதே அளவு படியும் என்பதை அதை வைத்துத்தான் கணிக்க முடியும்.

என்டிஏ-ல மில்லிக்கு 5 லட்சம் கோடி துகள்னு ரொம்ப அதிகமா வருது. அப்படியே போடலாமா?

போடுங்கள், ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்பதோடு. என்டிஏ கருவி துகள்கள் திரவத்தில் துள்ளுவதைப் படம்பிடித்து எண்ணுகிறது. வெசிக்கிளா, லிப்போபுரோட்டீனா, புரதத் திரளா என்று அதற்குத் தெரியாது. சுமார் 60, 70 நானோமீட்டருக்குக் கீழே உள்ளவற்றை அது பெரும்பாலும் தவறவிடும். கேமரா அளவை ஒரு படி ஏற்றினாலே எண்ணிக்கை மாறும். ஆகவே கேமரா அளவு, கண்டறியும் வரம்பு, எத்தனை வீடியோ, எத்தனை நொடி, ஒரு சட்டகத்தில் எத்தனை துகள் என்ற விவரங்கள் எண்ணோடு சேர்ந்தே போக வேண்டும். முடிந்தால் வீடியோவையே களஞ்சியத்தில் போடுங்கள்.

நீர்த்தலைக் கணக்கில் எடுப்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 1 மில்லி பிளாஸ்மாவிலிருந்து பிரித்ததை 100 மைக்ரோலிட்டரில் கலக்கினீர்கள். அதை 1,000 மடங்கு நீர்த்துப் பார்த்தபோது கருவி மில்லிக்கு 50 கோடி காட்டியது என்று வைத்துக்கொள்வோம். கலக்கிய திரவத்தில் மில்லிக்கு 50,000 கோடி. உங்களிடம் இருப்பதோ 0.1 மில்லி, ஆகவே மொத்தம் 5,000 கோடி. 1 மில்லி பிளாஸ்மாவுக்கு இதுதான் கணக்கு. மூன்று எண்களும் உண்மை. எந்த எண் எதற்கு என்று எழுதாவிட்டால், ஒப்பிடுகிறவர் 10 மடங்கோ 1,000 மடங்கோ தவறுவார்.

சரி, ரத்த சாம்பிளுக்கு என்னென்னதான் எழுதி வைக்கணும்? ஒரு உதாரணம் குடுங்களேன்.

ஒரு குழாய்க்கான பதிவு இப்படி இருக்கலாம்: முழங்கை மடிப்பு நரம்பு, 21 கேஜ் ஊசி. சிட்ரேட் (ரத்தம் உறையாமல் தடுப்பது) குழாய், முதல் குழாய் ஒதுக்கப்பட்டது. சாப்பிட்டு 10 மணி நேரம் கழித்து, காலை 8:15. அறை வெப்பத்தில் நிமிர்த்தி வைக்கப்பட்டு 40-ஆவது நிமிடத்தில் முதல் சுழற்று. 2,500 ஜி, 15 நிமிடம், இரண்டு முறை, பிரேக் இல்லை. மிச்சத் தட்டணு எண்ணப்பட்டது. சிவப்பணு உடைவு 414 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலில் பார்க்கப்பட்டது. 0.5 மில்லி பங்குகளாக மைனஸ் 80-இல் வைக்கப்பட்டது. உருக்கியது ஒரே முறை.

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. குழாயில் சிட்ரேட்டுக்குப் பதில் ஹெப்பரின் இருந்தால் பின்னால் பிசிஆர் கெடும். தட்டணுக்களை நீக்காமல் உறைய வைத்தால் அவை உடைந்து புதிய வெசிக்கிள்களை உண்டாக்கும். நோயாளியின் உடலில் இல்லாததை நீங்கள் உறைபெட்டியில் தயாரித்துவிடுகிறீர்கள். சாப்பிட்ட உடனே எடுத்த ரத்தத்தில் கைலோமைக்ரான்கள் என்ற பெரிய லிப்போபுரோட்டீன்கள் நிறைந்திருக்கும். ரத்தத்துக்கென்றே எம்ஐ-பிளட்-ஈவி என்ற பதிவுப் படிவம் 2023-இல் வந்தது. புதிதாகத் தொடங்குபவர்கள் சொந்தமாகப் படிவம் உருவாக்காமல் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய சாம்பிளுக்கு இதெல்லாம் தெரியாதே அக்கா. அந்தக் கட்டத்துல என்ன போடுறது?

காலியாக விடாதீர்கள், ஊகித்தும் நிரப்பாதீர்கள். 'செய்யப்படவில்லை', 'பதிவு செய்யப்படவில்லை', 'பொருந்தாது' என்ற மூன்றும் வேறு வேறு. தட்டணு எண்ணவில்லை என்பது ஒன்று, எண்ணியிருக்கலாம் ஆனால் குறிப்பு கிடைக்கவில்லை என்பது இன்னொன்று. காலிக் கட்டத்தில் இந்த மூன்றும் கலந்துபோகும். 'எங்கள் ஆஸ்பத்திரியில் எப்போதும் ஈடிடிஏ குழாய்தான்' என்ற நினைவை வைத்து நூறு வரிகளை நிரப்பிவிடுவது இன்னும் ஆபத்து. வருடங்கள் கழித்து யாராலும் அதைப் பிரித்தறிய முடியாது.

எல்லாம் எக்ஸெல்-லதான் இருக்கு. அப்படியே அப்லோட் பண்ணிடலாமா?

முதலில் மரபணுப் பெயர் உள்ள பத்தியை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். செப்டின் 2 என்ற மரபணுவின் பழைய சுருக்கப் பெயரை எக்ஸெல் செப்டம்பர் 2 என்ற தேதியாக மாற்றிவிடும். மார்ச் 1 என்ற மரபணுவுக்கும் அதே கதி. எக்ஸெல் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே அந்தப் பெயர்களை மாற்றிவிட்டது. செப்டின்கள் வெசிக்கிள் புரதப் பட்டியல்களில் அடிக்கடி வருபவை என்பதால் நமக்கு இது பக்கத்து வீட்டுச் செய்தி இல்லை.

தீர்வு: புரதத்துக்குப் பெயரோடு, யூனிபுராட் என்ற புரதத் தரவுத்தளத்தின் எண்ணும் கொடுங்கள். வெசிக்கிளின் அடையாளப் புரதங்களில், மனித சிடி63-க்கு பி08962, சிடி9-க்கு பி21926, சிடி81-க்கு பி60033. மைக்ரோ ஆர்என்ஏ என்றால் வெறும் '21' போதாது. எந்த உயிரினம், 5பி முனையா 3பி முனையா, மிர்பேஸ் என்ற மைக்ரோ ஆர்என்ஏ தரவுத்தளத்தின் எந்தப் பதிப்பு என்பதும் வேண்டும். கோப்பை சிஎஸ்வி-யாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமியுங்கள். ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பு மட்டும். மஞ்சள் வண்ணம் அடித்துப் பொருள் சொல்லாதீர்கள். சிஎஸ்வி-யில் வண்ணம் போய்விடும்.

எந்த டேட்டாவை எங்க போடணும்னே குழப்பமா இருக்கு.

மாஸ் ஸ்பெக் புரதத் தரவு பிரைட் களஞ்சியத்துக்கு. ஆர்என்ஏ வரிசைத் தரவு ஜியோ-வுக்கு. நோயாளியுடையது என்றால் கீழே தனிக் கேள்வி இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். நுண்ணோக்கிப் படங்கள் பயோஇமேஜ் ஆர்க்கைவுக்கு. ஃப்ளோ சைட்டோமெட்ரியின் (துகள்களை லேசர் கதிரில் ஓடவிட்டு அளப்பது) எஃப்சிஎஸ் கோப்பு ஃப்ளோரெப்பாசிட்டரிக்கு. எங்கும் பொருந்தாத என்டிஏ வீடியோ, வெட்டாத வெஸ்டர்ன் பிளாட் படம் எல்லாம் செனோடோவில். அங்கே நிரந்தரமான டிஓஐ எண் கிடைக்கும், திருத்தினால் புதிய பதிப்பாகச் சேர்க்கலாம். செய்முறை விவரம் ஈவி-ட்ராக்கில். எல்லா இடத்திலும் மாதிரிக்கு ஒரே அடையாள எண்ணைக் கொடுங்கள். பிரைடில் 'பி3', ஜியோ-வில் 'பேஷன்ட்_3_நியூ' என்று இருந்தால் இரண்டும் ஒரே குழாய் என்று யாருக்கும் தெரியாது.

நம்ம நாட்டுலயே போட இடம் இல்லையா?

இருக்கிறது. ஃபரீதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையம் 2022-இல் திறக்கப்பட்டது. மத்திய உயிரிதொழில்நுட்பத் துறை 2021-இல் வெளியிட்ட பயோடெக்-பிரைட் நெறிமுறைகள், பொதுப்பணத்தில் உருவான உயிரியல் தரவைப் பகிர வேண்டும் என்ற கொள்கையில் எழுதப்பட்டவை. இந்திய நிதியில் வேலை செய்பவர்கள் அவற்றைப் படித்தாக வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் மேலே சொன்ன பிரைட் களஞ்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முன்னாடியே போட்டா வேற யாராவது எடுத்து பேப்பர் போட்டுடுவாங்களே?

போட்ட உடனே எல்லோருக்கும் தெரிந்துவிடாது. பிரைடும் ஜியோ-வும் கட்டுரை வெளியாகும்வரை தரவைப் பூட்டி வைக்கின்றன. மதிப்பாய்வாளருக்கு மட்டும் தனிச் சாவி தருகின்றன. செனோடோவில் திறக்கும் தேதியை நீங்களே குறிக்கலாம். களஞ்சியத்தில் உங்கள் பெயரும் தேதியும் பதிவாகிவிடுவதால், முந்தியது யார் என்ற சண்டை வந்தால் அது உங்களுக்குத்தான் சாட்சி.

'தேவைப்படுவோர் ஆசிரியரிடம் கேட்டுப் பெறலாம்'னு ஒரு வரி போட்டுட்டா முடிஞ்சுதே?

முடியாது. மாணவர் பட்டம் வாங்கிப் போய்விடுவார், மின்னஞ்சல் முகவரி மாறும், ஹார்ட் டிஸ்க் கெடும். கேட்பவருக்குப் பதில் வராது. 2016-இல் வெளியான ஃபேர் நெறிகள் கேட்பது நான்குதான்: தரவு கண்டடையக் கிடைக்க வேண்டும், எடுக்க வழி இருக்க வேண்டும், பிற தரவோடு சேர்ந்து இயங்க வேண்டும், மறுபடி பயன்பட வேண்டும். அந்த ஒற்றை வரி முதல் படியிலேயே நின்றுவிடுகிறது.

நோயாளியோட பேரை எடுத்துட்டேன். இப்ப ஆர்என்ஏ டேட்டாவைத் திறந்து போடலாம்ல?

கூடாது, அவ்வளவு எளிதில்லை. வெசிக்கிள் ஆர்என்ஏ-வின் மூல வரிசைகளில் அந்த மனிதருக்கே உரிய மரபணு வேறுபாடுகள் இருக்கும். பெயரை எடுத்தாலும் ஆள் அதற்குள் இருக்கிறார். அப்படிப்பட்ட கோப்புகள் அனுமதி பெற்றவர் மட்டும் பார்க்கும் களஞ்சியங்களுக்குப் போக வேண்டும். ஐரோப்பாவின் ஈஜிஏ, அமெரிக்காவின் டிபிகேப் இதற்கென்றே உள்ளவை. எந்த ஆர்என்ஏ எத்தனை என்ற எண்ணிக்கை அட்டவணையைப் பொதுவாகத் திறந்து வைக்கலாம். பெரும்பாலான மறுஆய்வுக்கு அதுவே போதும்.

அதற்கும் முன்னால் ஒப்புதல் படிவத்தைப் பாருங்கள். 'இந்த ஆய்வுக்கு மட்டும்' என்று கையெழுத்து வாங்கிவிட்டு உலகத்துக்கே கொடுக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகளைக் கையில் வைத்துக்கொண்டு, தரவுப் பகிர்வு பற்றிய பத்தியைப் படிவத்தில் முதல் நாளே சேருங்கள். அதை நோயாளிக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள். நரம்பில் ஊசி குத்திக்கொண்டு ரத்தம் கொடுத்தவருக்கு அது எங்கெல்லாம் போகும் என்று தெரிய உரிமை உண்டு. வயது, ஊர், அரிய நோயின் பெயர் மூன்றும் சேர்ந்தாலே சில சமயம் ஆள் யாரென்று தெரிந்துவிடும். வயதை ஐந்தாண்டு இடைவெளியாகவும் ஊரை மாநிலமாகவும் மாற்றுங்கள்.

ஒண்ணும் வராத ரன், பிளாங்க் எல்லாம் யாருக்கு வேணும்? குப்பைதானே?

எனக்கு வேண்டும். உங்களுக்கு அடுத்து அந்தச் சோதனையைச் செய்யப்போகும் எல்லோருக்கும் வேண்டும். செல்களே இல்லாத வெறும் ஊடகத்தை அதே படிகளில் ஓட்டிப் பார்த்தால் என்ன வருகிறது? மாட்டுக் கருச் சீரம் சேர்த்த ஊடகம் என்றால் மாட்டு வெசிக்கிள்களும் மாட்டு ஆர்என்ஏ-வும் வரும். மனிதனுக்கும் மாட்டுக்கும் பொதுவான மைக்ரோ ஆர்என்ஏ-க்கள் இருப்பதால், பிளாங்க் தரவு இல்லாமல் எது உங்கள் செல்லுடையது என்று சொல்லவே முடியாது. சீரத்தை நீண்ட நேரம் சுழற்றி வெசிக்கிள் நீக்கியதாக எழுதினாலும் முழுவதும் போவதில்லை. பிளாங்க் கோப்பையும் மாதிரிக் கோப்புகளோடு, அதே பெயரிடும் முறையில் போடுங்கள்.

வெசிக்கிள்பீடியா பட்டியல்ல இருந்தா அது வெசிக்கிள் புரதம்தானே?

இல்லை. எக்சோகார்ட்டா 2009-இலும் வெசிக்கிள்பீடியா 2012-இலும் வந்தவை; மெல்பர்ன் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் சுரேஷ் மதிவாணனின் குழு இவற்றை நடத்துகிறது. வெசிக்கிள்பீடியாவின் 2024 பதிப்பு படலமில்லாத துகள்களையும் சேர்த்துக்கொண்டது. துறைக்கே பெரிய கொடை. ஆனால் அவை 'இந்த ஆய்வில் இது காணப்பட்டது' என்று சொல்லும் பதிவேடுகள். ஆய்வின் தூய்மை எவ்வளவோ, பட்டியலின் தூய்மையும் அவ்வளவுதான். செல்லில் ஏராளமாக இருக்கும் ஆக்டின், ஜிஏபிடிஹெச் போன்றவை அடிக்கடி பதிவாகியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பட்டியலிலிருந்து பதிவுக்குப் போங்கள், பதிவிலிருந்து மூலக் கட்டுரைக்கு. எந்தத் திரவம், எந்தப் பிரிப்பு முறை, அல்புமினும் அப்போலிப்போபுரோட்டீனும் (லிப்போபுரோட்டீனின் புரதப் பகுதி) இல்லை என்று காட்டினார்களா என்று பாருங்கள்.

ஃப்ளோ சைட்டோமெட்ரில எங்களுக்கு 300 வருது, அவங்களுக்கு 4,000. யாரு சரி?

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். அந்த எண்களுக்கு அலகு இல்லை, அதுதான் காரணம். ஊருக்கு ஊர் மரக்கால் அளவு வேறுபட்டிருந்த காலத்தில் 'பத்து மரக்கால் நெல்' என்றதைப் போன்றது. பிரகாசத்துக்கு, தெரிந்த அளவு ஒளிரும் மணிகளை ஓட்டி எம்இஎஸ்எஃப் அல்லது ஈஆர்எஃப் அலகுக்கு மாற்ற வேண்டும். 2020-இல் வந்த எம்ஐஃப்ளோசைட்-ஈவி வழிகாட்டி இதைத்தான் கேட்கிறது.

ஒளிச்சிதறலை வைத்து அளவு சொல்லும்போது இன்னும் கவனம். பாலிஸ்டைரீன் மணியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.6, வெசிக்கிளுடையது சுமார் 1.4. 200 நானோமீட்டர் மணி சிதறும் அளவு ஒளியைச் சிதறடிக்க வெசிக்கிள் அதைவிட நன்றாகப் பெரிதாக இருக்க வேண்டும். மணியை வைத்து அளவு வரம்பு (வாசல்) போட்டுவிட்டு '200-க்குக் கீழே' என்று எழுதினால் அது வேறு துகள்கூட்டம். மணியின் பெயர், லாட் எண், அமைவுக் கோப்பு மூன்றையும் பகிருங்கள். அதிக அடர்த்தியில் ஓட்டினால் பல துகள்கள் ஒன்றாகக் கதிரில் விழுந்து ஒரே நிகழ்வாகப் பதிவாகும். நீர்க்க நீர்க்க எண்ணிக்கை அதே விகிதத்தில் குறைகிறதா என்று காட்டும் தரவும் வேண்டும்.

ரெண்டு லேப் டேட்டாவை ஒண்ணா சேர்த்து பெரிய ஆய்வா பண்ணலாமா?

பண்ணலாம், ஆனால் இறுதி எண்களைச் சேர்க்காதீர்கள்; மூலக் கோப்பிலிருந்து ஒரே மென்பொருள் வரிசையில் மறுபடி ஓட்டுங்கள். செல்வெளி ஆர்என்ஏ-வுக்கு எக்சிரிப்ட் என்ற வரிசை உண்டு. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களின் செல்வெளி ஆர்என்ஏ கூட்டமைப்பு அதைக்கொண்டு 19 ஆய்வுகளின் 5,309 மனித மாதிரித் தரவுகளை ஓர் அட்லஸாகச் சேர்த்து 2019-இல் வெளியிட்டது. திரவத்தில் மிதக்கும் ஆர்என்ஏ எல்லாம் வெசிக்கிளுக்குள் இருப்பதல்ல, லிப்போபுரோட்டீனும் வேறு புரதங்களும் சுமக்கும் பங்கும் உண்டு, ஆறு வகையான சரக்குகளாகப் பிரிக்கலாம் என்று அந்த ஆய்வு காட்டியது. ஒரு தனி ஆய்வகம் எத்தனை வருடம் உழைத்தாலும் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது. 19 ஆய்வுகளின் தரவும் ஒத்த படிவத்தில் வந்ததால் கிடைத்தது. பகிர்வு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

அப்போ பிளாஸ்மாவுல நான் எண்ணினது பெரும்பாலும் லிப்போபுரோட்டீனா இருந்தா? ஏற்கெனவே போட்ட டேட்டாவை எடுத்துடணுமா?

எடுக்க வேண்டாம். பிளாஸ்மாவில் லிப்போபுரோட்டீன்கள் வெசிக்கிள்களைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம். எந்தப் பிரிப்பு முறையிலும் கொஞ்சம் கூட வரும். தலைப்பில் 'வெசிக்கிள் எண்ணிக்கை' என்று இருப்பதைத் 'துகள் எண்ணிக்கை' என்று மாற்றி, அப்போலிப்போபுரோட்டீன் பி சோதனை முடிவைச் சேர்த்துப் புதிய பதிப்பாகப் போடுங்கள். பழைய பதிப்பும் இருக்கட்டும், என்ன மாறியது என்ற குறிப்போடு. எண் அப்படியே இருக்கிறது, அதன் பெயர்தான் திருந்துகிறது. அந்தத் தரவு லிப்போபுரோட்டீன் ஆய்வாளர் ஒருவருக்குப் பயன்படவும் கூடும்.

எங்க மெஷின் லேர்னிங் மாடல் கேன்சரை 98 சதவீதம் சரியா சொல்லுது மேடம். ஆனா ரெவ்யூவர் மூல டேட்டா கேக்குறார். ஏன்?

கேட்பது நியாயம்தான். புற்றுநோய் மாதிரிகள் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஈடிடிஏ குழாயில் வந்தன, ஆரோக்கியமானவர்களின் ரத்தம் கல்லூரி முகாமில் சிட்ரேட் குழாயில் எடுக்கப்பட்டது என்றால், மாடல் கற்றுக்கொண்டது குழாயை. அல்லது ஒரு குழு இரண்டு வருடம் உறைபெட்டியில் இருந்தது, மற்றது இரண்டு வாரம். அல்லது நோயாளிகள் அறுவை சிகிச்சைக்காகப் பட்டினி இருந்தார்கள், மற்றவர்கள் இட்லி சாப்பிட்டு வந்தார்கள். மாடல் பார்த்தது கைலோமைக்ரானை. சதவீதத்தை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

மேலே ரத்த மாதிரிக்குச் சொன்ன பதிவு இருந்தால் ஒரு மணி நேரத்தில் சோதித்துவிடலாம். துகள் தரவை எடுத்துவிட்டு, குழாய் வகை, காத்திருந்த நிமிடம், சேமித்த மாதங்கள், சிவப்பணு உடைவு ஆகியவற்றை மட்டும் கொடுத்து அதே மாடலைப் பயிற்றுங்கள். அப்போதும் 98-க்குப் பக்கத்தில் வந்தால் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும். மிகவும் குறைந்து பாதிக்குப் பாதி என்று வந்தால், அந்த முடிவையும் அட்டவணையையும் மூலக் கோப்புகளோடு சேர்த்து மதிப்பாய்வாளருக்கு அனுப்புங்கள். பிறகு வேறு ஊர் ஆய்வகம் ஒன்றை அவர்கள் சேகரித்த மாதிரியில் உங்கள் மாடலை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.